கரிசல் மெட்டுக்கு ஒரு காது

கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுப்பவர்கள் வாயில் புழங்கும் சிந்துகளில் சென்னிகுளம் என்றொரு ஊர்ப்பெயர் வரும். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர் அது. 1865-ல் அங்கே பிறந்து 26 வயதிலேயே காலமான அண்ணாமலை ரெட்டியார், முருகனைப் பாடுகிற பாட்டுக்குள் தன் ஊரையும் தன் பெயரையும் கோத்து வைத்துவிட்டுப் போனார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது கூடவே நடந்து, அந்த நடைக்காகவே ரெட்டியார் பாடியவை அந்தச் சிந்துகள். வழியெல்லாம் கரிசல். நிழலுக்கு ஒதுங்க ஆங்காங்கே வேம்பும் உடைமரமும்தான். அந்த வெக்கையில் நடப்பவர்களின் கால் சோராமல் இருக்க வேண்டும், மூச்சும் வாங்கக் கூடாது. அப்படி ஒரு தேவைக்காகப் பிறந்த பாட்டு, ஜமீன்கள் எல்லாம் போன பிறகும் நிற்கிறது.

அண்ணாமலை ரெட்டியார் மறைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1928 டிசம்பரில், நியூயார்க் நகரத்தின் ஒலிப்பதிவு அறை ஒன்றில் ஜான் ஹர்ட் என்ற கறுப்பின விவசாயத் தொழிலாளி கிதாரோடு உட்கார்ந்திருந்தார். மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக்காட்டு மனிதர். பெரிய பட்டணத்தில் ஊர் நினைப்பு வாட்ட, ஆவலான் என்ற தன் கிராமத்தின் பெயரை வைத்தே ஒரு பாட்டு கட்டிப் பாடினார். இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. அடுத்த வருஷமே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. ஹர்ட் ஊருக்குத் திரும்பிக் காட்டு வேலை பார்த்தார். உலகம் அவரை மறந்துபோனது. 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், பழைய தட்டில் கேட்ட அந்த ஊர்ப்பெயர் ஒன்றையே துப்பாகக் கொண்டு தேடிப்போய், எழுபது வயதை எட்டிய பெரியவரை அதே கிராமத்தில் கண்டார். அந்த ஆண்டே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவின் மேடையில் ஹர்ட் பாடினார். 1966-ல் இறப்பதற்குள் தன் பாட்டுகளை மறுபடி ஒருமுறை பதிந்து கொடுத்துவிட்டார். அவர் விரல் கிதார்க் கம்பியில் எப்படி விழுந்தது, எந்தச் சொல்லை இழுத்தார், எங்கே மெல்லச் சிரித்துக்கொண்டார் என்பதெல்லாம் இன்றைக்கும் நம் கைபேசியில் கிடைக்கிறது.

அண்ணாமலை ரெட்டியாரின் குரல் நமக்குக் கிடைக்காது. அவர் காலத்தில் அதற்கான கருவி இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. ஆனால் அவருக்கு அறுபது, எழுபது வருஷம் பிந்திக் கரிசலில் பாடிய ஆயிரக்கணக்கானவர்களின் குரலையும் நாம் வைத்திருக்கவில்லையே, அது ஏன்? இந்தக் கேள்விதான் அமெரிக்க வேர் இசையை நோக்கி என்னைத் தள்ளியது. அந்த இசையில் ஊற ஊற, என் காது கோவில்பட்டிப் பக்கமே திரும்பி வந்தது.

பருத்தி விளைந்த இடத்தில் பாட்டு

ப்ளூஸ், கன்ட்ரி, ஃபோக் என்று கடைகளில் தனித்தனிப் பெயர் போட்டு விற்கப்படுபவை எல்லாம் ஒரே மண்ணில் முளைத்தவை. பருத்தி எடுத்தவர்கள், நிலக்கரி வெட்டியவர்கள், ரயில் பாதை போட்டவர்கள், சிறையில் கல் உடைத்தவர்கள் ஆகியோரின் பாட்டுகள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு பாஞ்சோ வந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடியேறிகளோடு ஃபிடில் வந்தது. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தபோது பிறந்த இசையை, 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களுக்கு ஒரு பட்டியல், வெள்ளைக் கிராமத்தாருக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. ஒரே பாட்டு இரண்டு பட்டியலிலும் இருக்கும்.

கரிசலும் அப்படிக் கலந்த மண்தான். தெலுங்கு பேசும் கம்மவார்களும் ரெட்டியார்களும் ராஜகம்பளத்தாரும், தமிழ் பேசும் மற்றச் சாதியாரும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள். கம்பளத்தாரின் தேவராட்டத்துக்கு உறுமி முழங்கும். அடுத்த ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும். இழவு வீட்டில் பறையும் ஒப்பாரியும். இங்கேயும் சாதி பட்டியல் போட்டது. யார் கோயில் மண்டபத்துக்குள் உட்கார்ந்து வாசிப்பது, யார் வெளியே நின்று அடிப்பது என்று பிரித்தது. மெட்டு மட்டும் அந்தப் பிரிவைப் பொருட்படுத்தாமல் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போய்வந்தது.

இரண்டு பருத்திக்காடுகளையும் வரலாறு ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருக்கிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. அப்போது திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. தூத்துக்குடியில் கப்பலேறிய அந்தப் பஞ்சுக்குச் சந்தையில் 'டின்னவெல்லி' என்றே பெயர். போர் முடிந்து, அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட 1865-ல்தான் அண்ணாமலை ரெட்டியார் பிறக்கிறார். பஞ்சு விலை ஏறி இறங்கும்போதெல்லாம் மிசிசிப்பிக் குத்தகைக்காரரும் கரிசல் சம்சாரியும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் ஆடியிருக்கிறார்கள். 1901-ல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்ததற்கும், ஊருக்குள் மில் சங்கு ஊதியதற்கும் பருத்திதான் காரணம். இந்த ஊரைத் தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் மட்டும் நினைக்கிறவர்கள், அதற்கு முன்னால் காடு முழுக்கக் கருங்கண்ணிப் பருத்தி வெடித்துக் கிடந்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும். வரிசையாகக் குனிந்து, மடியில் பஞ்சு சேர்த்தபடி பெண்கள் பாடியது அந்தக் காட்டில்தான்.

நடைக்கு ஏற்ற தாளம்

காவடிச்சிந்தைப் பக்திப் பாட்டு என்று மட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு அதன் கைவேலை தெரியாமல் போகும். அண்ணாமலை ரெட்டியார் ஊர்க்கோடியில் வாய்க்கு வந்ததைப் பாடிய ஆள் இல்லை. திருவாவடுதுறை மடத்தின் தமிழ்ச் சூழலைக் கண்டவர். திரிபந்தாதியும் பிள்ளைத்தமிழும் எழுதக்கூடிய அளவுக்கு யாப்பில் தேர்ந்த புலவர். அந்தப் புலமையோடு அவர் தேர்ந்தெடுத்தது, வழிநடைச் சிந்தாகத் தெருவில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த மெட்டுகளை. ஒரு சந்தம் எழும்பி, அதே ஓசையில் முடிகிற சின்னச் சின்னத் துண்டுகளாக இறங்கும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கால் ஒன்று தரையில் படும். மூச்சு எடுக்க இடம் எங்கே என்று பாடுகிறவன் யோசிக்க வேண்டியதில்லை, பாட்டே இடம் விடுகிறது. எளிய மெட்டு, நெருக்கமான எதுகை, உள்ளே புலவனின் சொல்விளையாட்டு, எல்லாவற்றுக்கும் கீழே கழுகுமலைக்குப் போகும் மண்பாதை. செஞ்சுருட்டியில் அந்தச் சிந்துகள் எழும்போது பக்தியோடு ஒரு குதூகலமும் சேர்ந்துகொள்ளும். துள்ளிக்கொண்டே அழ முடியும் என்று எனக்குக் காட்டிய பாட்டுகள் அவை.

வேர் இசையின் நல்ல பாடலாசிரியர்கள் எல்லோரும் செய்தது இதைத்தான். ராபர்ட் ஜான்சன் 1936, 37-ல் டெக்சாஸில் இரண்டே தவணையில் பதிந்தது 29 பாட்டுகள். 1938-ல் இறந்தபோது வயது 27. மிசிசிப்பி டெல்டாப் பகுதியில் எல்லோரும் பாடிய ப்ளூஸ் அச்சையே எடுத்துக்கொண்டு, அதற்குள் தன் பயத்தையும் தன் அலைச்சலையும் வைத்தார். ஜான் பிரைன் சிகாகோ புறநகரில் தபால்காரராக நடந்துகொண்டே மனசுக்குள் பாட்டு கட்டியவர். முதியோரின் தனிமையையும், போரிலிருந்து திரும்பிப் போதையில் விழுந்த சிப்பாயையும் பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற சொற்களில் பாடினார். பாப் டிலனுக்கு 2016-ல் இலக்கிய நோபல் கொடுத்தபோது 'பாட்டு எப்படி இலக்கியமாகும்' என்று உலகெங்கும் வாதம் நடந்தது. சிந்தையும் கும்மியையும் நாவில் வைத்து வளர்ந்த நமக்கு அந்த வாதம் தேவையே இல்லை.

எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதி இந்தச் சிந்து மரபின் நேர் வாரிசு. தேசத்தின் நிலையை நினைத்து மனம் நொந்து பாட வேண்டியபோது அவர் கைக்கு வந்தது நொண்டிச்சிந்து. பெண் விடுதலைக்குக் கும்மி, புதிய காலத்துக்குக் குடுகுடுப்பைக்காரன் குரல். ஆங்கில ஆட்சியைக் கேலி செய்ய, மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஏற்றம் இறைப்பவர்களும் நெல் குத்தும் பெண்களும் சுண்ணாம்பு இடிக்கும் பெண்களும் பாடிய பாட்டுகளில் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் குயில் பாட்டில் அவரே சொல்கிறார். அவருடைய காது அந்த இடங்களில் பயின்றது.

ஓக்லஹோமாவின் ஓகீமா ஊரில் 1912-ல் பிறந்த வுடி கத்ரி செய்ததும் இதே வேலை. புல்வெளியை அளவுக்கு மேல் உழுது போட்ட நிலத்தில் மழை பொய்த்தது. மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலை இருட்டாக்கிய புழுதிச் சுவரை டெக்சாஸின் பம்பா ஊரில் இருந்து அவர் பார்த்தார். வண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய சம்சாரிகளின் கதையை 1940-ல் ஒரு தொகுப்பாகப் பாடிப் பதிந்தார். மெட்டுகளில் பல பழையவை. எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் புதுச் செய்தியை ஏற்றினால் கூட்டம் முதல் முறை கேட்கும்போதே கூடப் பாடும் என்பது அவருக்குத் தெரியும்.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனுக்கும் அது தெரிந்திருந்தது. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தம்பிகளோடு ஆர்மோனியம் வைத்துப் பாடிய அவர், சினிமா மெட்டானாலும் தெம்மாங்கு மெட்டானாலும் எடுத்து அதில் அன்றைய அரசியலை ஏற்றுவார். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1976-ல் 'அன்னக்கிளி' வழியாக வயல்மெட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார். பின்னால் கரிசல் குயில் கிருஷ்ணசாமியும் திருவுடையானும் கலை இலக்கிய இரவு மேடைகளில் பாடியபோது, விடியும் வரை தரையில் உட்கார்ந்து கேட்ட கூட்டத்துக்கு அந்தப் பாட்டுகள் தங்கள் வீட்டுப் பாட்டுகளாகவே இருந்தன.

பஞ்சமும் கொலையும் பாட்டாகும்

மழை இல்லாத வருஷங்கள் கரிசலுக்குப் புதிதில்லை. 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சம் கும்மிகளாகப் பாடப்பட்டு அச்சேறியது. மழை பொய்த்தால் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப்போய், பிணத்துக்கு அழுவதைப் போல ஒப்பாரி வைத்து அழுவார்கள். கத்ரியின் புழுதிப் பாட்டுகளை முதன்முதலாகக் கேட்டபோது என் நினைவில் எழுந்தது அந்த அழுகைதான். கண்டிச் சீமைக்குத் தோட்டவேலைக்குப் போனவர்களைப் பற்றிய பாட்டுகள் ஒரு தனிக் குவியல். கங்காணியை ஏசும் பாட்டு உண்டு, போன புருஷன் திரும்பாத பாட்டும் உண்டு.

அமெரிக்க மலைப்பகுதிப் பாட்டுகளில் கொலைக்கதைகள் ஒரு பெரிய கிளை. 1868-ல் வட கரோலினாவில் தூக்கிலிடப்பட்ட டாம் டூலா என்பவனின் கதை, தொண்ணூறு வருஷம் வாய்வழியாக உயிரோடு இருந்து, 1958-ல் உலகப் புகழ் இசைத்தட்டானது. நம்மிடம் கொலைச்சிந்து இருந்தது. எங்கோ நடந்த கொலையையோ ரயில் விபத்தையோ உடனே சிந்தாகக் கட்டி, மலிவுத்தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயில்பெட்டியிலும் பாடியே விற்பார்கள். செய்தித்தாள் எட்டாத வீடுகளுக்கு அதுதான் செய்தித்தாள். முச்சந்தி இலக்கியம் என்று ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்த இந்தச் சின்னப் புத்தகங்கள் சில நூலகங்களில் பத்திரமாக உள்ளன. விற்றவர்கள் பாடிய விதம் எந்த நூலகத்திலும் இல்லை.

அதற்கும் முந்திய பெரிய கதைப்பாடல் இங்கேயே பக்கத்தில் பிறந்தது. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அவரைப் பற்றிய ஆங்கிலேயர் ஆவணம் ஒரு பக்கம் இருக்க, பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிய ஊர்கள் தங்கள் வரலாற்றைக் கும்மியாகவும் கதைப்பாடலாகவும் வைத்துக்கொண்டன. சினிமாக் கட்டபொம்மன் 1959-ல்தான் வந்தார். அதற்கு முன்பு ஒன்றரை நூற்றாண்டு அவரை நிற்க வைத்தது பாட்டு.

எழுதியவரும் மெட்டைச் சுமந்தவரும்

1927 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ரால்ஃப் பியர் என்பவர் டென்னசி–வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில், தொப்பிக் கடையாக இருந்த கட்டடத்தில் பதிவுக் கருவியை இறக்கிவைத்து, சுற்றுவட்டாரப் பாடகர்களை வரவழைத்தார். அந்தச் சில நாட்களில்தான் கார்ட்டர் குடும்பமும் ரயில்வேத் தொழிலாளி ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானார்கள். கன்ட்ரி இசையின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்குச் சற்றுப் பின்னால் நடந்த ஒன்று. கார்ட்டர் குடும்பத்து ஏ.பி. கார்ட்டர் பழைய பாட்டுகளைத் தேடி மலைக்கிராமங்களில் அலைந்தார். கூடவே லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க்காரர் போனார். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். பாட்டின் சொற்களை ஏ.பி. தாளில் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் மனசில் ஏற்றிக்கொள்வார். வீடு திரும்பியதும் ரிடில் வாசித்துக் காட்ட, மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். ரிடிலின் பெயர் அந்தத் தட்டுகளில் இல்லை. ஆனால் மெட்டு பிழைத்தது.

நம் பக்கம் தாளோடு அலைந்தவர்கள் உண்டு. அவர்களை நான் மிகப் பெரிய மரியாதையோடு நினைக்கிறேன். விளாத்திகுளம் பக்கத்துத் தங்கம்மாள்புரத்து எஸ்.எஸ். போத்தையா காடு கரைகளில் பெண்கள் பாடியதைக் கேட்டு எழுதி எழுதி அனுப்பினார். அவரையும் அவரைப் போன்ற தோழர்களையும் ஊக்கி, குவிந்ததைத் தரம்பிரித்து, சமூக விளக்கம் எழுதி, 1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தவர் நா. வானமாமலை. பாட்டின் அடியில் சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் இருக்கும். 1958-ல் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', பெர்சி மெக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டி வைத்திருந்த பாட்டுகள். இடைசெவல் கி. ராஜநாராயணன் கதை, சொல், வசவு, பாட்டு என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1982-ல் வந்த அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தனி மனிதர்கள் செய்த பெரும்பணிகளில் ஒன்றாக மதிக்க வேண்டும். இவர்கள் இல்லையென்றால் கரிசல் பாட்டு என்று பேசவே நமக்கு ஒன்றும் இருந்திராது.

அத்தனை உழைப்பிலும் நம் கைக்கு வந்து சேர்ந்தது சொல். மெட்டு வரவில்லை. பாடிய பெண்ணின் பெயரும் பல பாட்டுகளில் இல்லை. கூடப்போய் மெட்டை மனசில் சுமந்துவர ஒரு ரிடில் இங்கே வாய்க்கவில்லை. பதிவுக் கருவிக்குக் காசும் இல்லை. ஒரு தாலாட்டைத் தாளில் படித்துப் பாருங்கள், இருபது வரி, இரண்டு நிமிஷம். தொட்டில் கயிற்றைப் பிடித்துப் பாடும்போது அது அரைமணி நேரம் ஓடும். வரி முடிவில் வரும் இழுப்பும், குழந்தை சிணுங்கினால் ஏறும் சுருதியும், தூங்கத் தொடங்கியதும் தாழ்கிற குரலும் சேர்ந்துதான் தாலாட்டு. ஒப்பாரிக்கு இது இன்னும் பொருந்தும். அழுகைக்கும் பாட்டுக்கும் நடுவில் தொண்டை நிற்கும் இடத்தை எழுத்தால் குறிக்க முடியாது.

மெட்டைக் குறித்து வைக்கும் அறிவு கரிசலில் இல்லாமல் இருந்ததா? இதுதான் என்னை அதிகம் வருத்துவது. எட்டயபுரம் கர்நாடக இசையின் பெரிய நிலையம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் இயற்கை எய்தியது அங்கேதான். அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரம் சமஸ்தான அச்சகத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த அசைவு, எந்த கமகம் என்று தனிக்குறிகள் வகுத்து, நூற்றுக்கணக்கான உருப்படிகளைச் சுரப்படுத்திய மாபெரும் நூல். அரண்மனைக்குள் ஒரு கமகத்தைக்கூடத் தவறவிடாமல் குறித்த அதே நாளில், கோட்டைச் சுவருக்கு வெளியே காட்டில் களை பறித்த பெண்ணின் மெட்டு காற்றில் போய்க்கொண்டிருந்தது. ஜமீன் ஆதரவு ஒன்றுக்குக் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்ற ஒருவர் விளாத்திகுளம் சுவாமிகள். காடல்குடி ஜமீன் குடும்பத்தில் 1889-ல் பிறந்த நல்லப்ப சுவாமிகள். முறையான குருகுலம் எதுவும் இல்லாமல், கேட்டுக் கேட்டே சங்கீதத்தின் ஆழத்துக்குப் போனவர். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துக்கொண்டிருப்பார். இடைசெவல் நண்பர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் அவர் பாட்டில் கிறங்கிக் கிடந்தார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் அவர்மேல் அளவற்ற பக்தி வைத்திருந்தார். இந்த நால்வரும் ஒரே காலத்தில் சில மைல் சுற்றளவில் வாழ்ந்தார்கள் என்பதைக் கோவில்பட்டி இன்னும் முழுசாகக் கொண்டாடவில்லை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துக்கு அழகிரிசாமி பதிப்பு கொண்டுவந்ததற்குப் பின்னால், சொல்லையும் மெட்டையும் பிரித்துப் பார்க்க மறுத்த அந்தக் கூட்டத்தின் காது இருக்கிறது.

மிஷின் வந்த பிறகு

வேலையோடு ஒட்டிய பாட்டு, வேலை போனால் போகும். 1944-ல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரங்களை ஓட்டிக் காட்டினார்கள். ஆளெடுத்த வேலைக்கு ஆள் தேவையில்லை என்றானது. அதற்கு முன்பே லட்சக்கணக்கானவர்கள் வடக்கே ரயிலேறத் தொடங்கியிருந்தார்கள். கிளார்க்ஸ்டேல் பக்கத்துப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் 1943-ல் சிகாகோ போய், தன் கிதாரை மின்சாரத்தில் செருகினார். போவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1941-ல், ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அவர் குடிசைக்கே போய்ப் பதிந்திருந்தார்கள். தன் குரலைத் தட்டில் கேட்டபோதுதான் தானும் பாடகன் என்ற நம்பிக்கை வந்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். அந்தப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. 1928-லேயே நாட்டுப்பாடலுக்கென்று அங்கே ஒரு காப்பகம் திறந்தாகிவிட்டது.

கரிசலில் கமலை போய் பம்புசெட் வந்தது. மாட்டை முன்னும் பின்னும் நடத்தியபடி, கூனை மேலேறி இறங்கும் நேரத்துக்கு அளவெடுத்ததைப் போலப் பாடிய கமலைப்பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வண்டிப்பாட்டு லாரியோடு போனது. பருத்தி விதைத்த காடுகளில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் அதே காட்சி. மக்காச்சோளத்தில், ஆள்கூட்டமாக நின்று பஞ்சு எடுப்பதைப் போன்ற வேலை கிடையாது. மருந்தடிப்பும் கதிர் அறுப்பும் பாட்டுக்கு இடம்கொடுக்கும் வேலைகள் இல்லை. பழைய பாட்டு தெரிந்தவர்கள் நூறு நாள் வேலைக்கு வருகிற மூத்த பெண்கள்தான். கேட்க ஆளிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே தொடங்குவார்கள். இரண்டாவது அடியில் வெட்கம் போய்விடும்.

அவர்களைக் கேட்பதற்கு நமக்குக் காது வேண்டும். சினிமாப் பாட்டின் மெருகில் பழகிய காதுக்கு எழுபது வயதுத் தொண்டை கரகரப்பாகத்தான் படும். வேர் இசையை ரசிக்கப் பழகியபோது எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வந்ததுதான். எலிசபெத் காட்டன் பதின்வயதில் பாட்டு கட்டியவர். வீட்டு வேலை செய்து வாழ்ந்தார். அறுபது வயதையொட்டித்தான் அவர் குரல் பதிவானது. இடதுகைக்காரர் என்பதால் வலக்கைக் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். சுருதி இம்மியளவு நழுவும் இடங்களில் அவருடைய முழு வாழ்க்கையும் கேட்கிறது. அதைக் கேட்ட பிறகு கொல்லங்குடி கருப்பாயியைக் கேளுங்கள். தானே கட்டித் தானே பாடியவர். வானொலி அவரை அறிந்தது. 'ஆண் பாவம்' படம் 1985-ல் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்தத் திறந்த குரலில் மேடைக்காகச் செய்த பாவனை எதுவும் இருக்காது. வயிற்றிலிருந்து வருகிற குரல், காடு தாண்டிக் கூப்பிடப் பழகிய குரல்.

ரசிப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி, ஒரே பாட்டை ஓர் ஆளிடமிருந்து பலமுறை கேட்பது. ஹர்ட்டின் 1928 பதிவையும் 1963-க்குப் பிந்திய பதிவையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். விரல் அதேதான். குரல் தாழ்ந்து, நிதானப்பட்டு, சொல்லுக்குச் சொல் இடைவெளி கூடியிருக்கும். பிறகு காவடிச்சிந்து ஒன்றைக் கச்சேரி மேடையின் கடைசிப் பகுதியில் கேளுங்கள். அதையே பங்குனி உத்திரத்தன்று கழுகுமலையில், வேர்த்து விறுவிறுத்து நடக்கிற கூட்டத்தின் வாயில் கேளுங்கள். மேடையில் சுருதி சுத்தமாக இருக்கும். தெருவில் மேளம் சில சொற்களை விழுங்கிவிடும். ஆனால் அடி விழுகிற இடம் தெருவில்தான் சரியாக இருக்கும், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே கால் விழுகிறது.

பதிந்துவைக்க வேண்டியதை இனியாவது பதிய வேண்டும். நூறு வருஷம் முன்பு அமெரிக்கர்கள் காரின் பின்பக்கம் ஏற்றிப்போன கனத்த கருவியின் வேலையைச் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசி செய்கிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இந்த வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவித்த இடம். கோவில்பட்டிக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் சொந்தப் பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். பாடுகிறவர் பெயர், அவர் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், யாரிடம் கேட்டுக் கற்றார், எந்த வேலையின்போது பாடுவார் என்பதைப் பாட்டுக்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். பாட்டை நடுவில் நிறுத்திச் சொல்லுக்குப் பொருள் கேட்கக் கூடாது, முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். தாலாட்டானால் தொட்டில் பக்கத்தில், கும்மியானால் நாலு பெண்கள் சேர்ந்து கைதட்டும்போது. சுரம் எழுதத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் நல்லது. நாகஸ்வரக்காரர்களுக்கும் உறுமிக்காரர்களுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. பதிந்ததன் ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கும் போக வேண்டும். புரட்டாசி விதைப்பு தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தபின் மாசி, பங்குனியில் போனால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் அந்தப் பெண்கள் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள்.